காலையில் பிடிக்காத பழைய பிக்கப்: முதல் பணம் எந்தக் கடைக்கு?

நீலகிரியில் டிசம்பர் பிறந்துவிட்டால், பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களின் பேச்சில் பாதி ஸ்டார்ட்டிங் பற்றித்தான். கேத்தியிலும் கோத்தகிரிப் பக்கத்திலும் கழுவி மூட்டை கட்டிய கேரட், நேரத்தோடு மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் வண்டி சாவியைத் திருப்பினால் முனகும்; இல்லையென்றால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பேட்டரிக் கடையில் கேட்டால் பேட்டரி போய்விட்டது என்பார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்வார். பம்ப் கடையில் டீசல் பம்பையும், டீசலைத் தூவும் நாசிலையும் கொண்டுவரச் சொல்வார்கள். எஞ்சின் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து புகையைக் காட்டி, "அண்ணே, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கிவிடலாம்" என்பார். யாரும் பொய் சொல்வதில்லை. பதினைந்து வயதை நெருங்கிய வண்டியில் இந்த நான்கு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அவரவர் தொழிலுக்கு உட்பட்டது அவரவர் கண்ணில் படுகிறது. கையில் இருக்கும் பணத்தை முதலில் யாரிடம் கொடுப்பது என்பதை வண்டிக்காரர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். முதல் செலவு செப்பு வாஷர், எர்த் கேபிள், டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) போன்ற சில்லறை வேலைகளுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் வோல்ட்டும் ஓமும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்க வேண்டும். பேட்டரியை அளந்து பார்க்காமல் மாற்றக் கூடாது. பம்பைத் தொடுவது கடைசிக்கு முந்தைய படி, எஞ்சினை இறக்குவது கடைசிப் படி. ஊர் வழக்கம் பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக இருக்கிறது. பேட்டரியில் தொடங்கி பம்புக்குத் தாவி, பணம் தீர்ந்த பிறகு யாரோ ஒரு பையன் இரண்டு வாஷரை மாற்ற, வண்டி பிடித்துக்கொள்கிறது.

நான் பேசுவது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பிக்கப்களைப் பற்றி: டாடா 207, மஹிந்திராவின் பழைய பிக்கப்கள், அந்தக் காலத்து மற்ற டீசல் வண்டிகள். கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வண்டிகளுக்கு வேறு கணக்கு. அதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மலையில்தான் இந்தக் கோளாறு ஏன் அதிகம் தலைகாட்டுகிறது என்று பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்ற மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், அடைத்த காற்று கசியாமல் இருக்க வேண்டும், டீசல் சரியான நேரத்தில் நல்ல தூவலாக வர வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆகவே சிலிண்டருக்குள் கிடைக்கும் கம்ப்ரஷனும் (நெருக்கிய காற்றின் அழுத்தம்) அதே அளவுக்குக் குறையும். ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில், பேட்டரியின் ஸ்டார்ட்டிங் திறன் சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். மேட்டுப்பாளையத்தில் ஒரு தட்டில் பிடித்த வண்டி ஊட்டியில் மறுநாள் காலை மறுப்பதற்கு இவ்வளவே போதும். கீழே பிடித்துவிட்டது என்பதால் வண்டியில் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. மேலே பிடிக்கவில்லை என்பதால் எஞ்சின் செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை.

கடைக்குப் போவதற்கு முன் காலையில் செய்ய வேண்டியது கேட்பதும் பார்ப்பதும்தான். காது சொல்வது ஒன்று, புகைக்குழாய் சொல்வது இன்னொன்று. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கிச் சிவந்து, எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம்: பேட்டரி, கேபிள், செல்ஃப் மூன்றில் ஒன்று. வெளிச்சம் அப்படியே இருக்க, 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டால் சொலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) அல்லது அதற்கு வரும் ஒயர். எஞ்சின் விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் உடனே பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். இதற்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. வெள்ளைப் புகை குப்பென்று வந்தால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை; சூடு போதவில்லை, அல்லது தூவல் சரியில்லை, அல்லது டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) தள்ளிப் போயிருக்கிறது. இந்த நான்கு படங்களில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துவிட்டால், நான்கு கடைகளில் இரண்டுக்குப் போகும் வேலை மிச்சம்.

முதலில் பேட்டரி. எளிதாகக் கிடைக்கும், அரை மணியில் மாற்றிவிடலாம், வாரண்டி சீட்டு தருவார்கள், பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழித்தும் கொள்வார்கள். அதனால்தான் எல்லோரும் இதில் தொடங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், புதுப் பேட்டரி போட்டால் எந்த வண்டியும் சில காலம் நன்றாகத்தான் பிடிக்கும். எஞ்சின் முன்பைவிடச் சற்று வேகமாகச் சுற்றும், அந்தக் கூடுதல் வேகம் மற்ற கோளாறுகளை மூடி மறைத்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் அதே முனகல் திரும்பும்போது, "பேட்டரி கம்பெனி மோசம்" என்ற முடிவுக்கு வருவார்கள்.

அளப்பது கடினமே அல்ல. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பிறகு பேட்டரி முனைகளில் அளவு பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12-ஐ ஒட்டியிருந்தால் ஏறக்குறைய காலி. அடுத்து, உதவியாளர் செல்ஃப் அடிக்கும்போது அதே முனைகளில் பாருங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கடுங்குளிரில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முழு சார்ஜில் இருந்தும் அடிக்கும்போது 8-க்கு விழுந்தால், பேட்டரி முடிந்தது என்று சொல்லலாம். அப்போதும் செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் உரசினால் நல்ல பேட்டரியையும் அது கீழே இழுத்துவிடும். சார்ஜே இல்லாமல் 12-இல் கிடந்தால் குற்றவாளி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டராக இருக்கலாம்: எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் காட்ட வேண்டும். இரவில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்று சந்தேகமிருந்தால், இரவு எர்த் முனையைக் கழற்றிவைத்து மறுநாள் பார்த்தால் போதும். பின்னால் சேர்த்த பாட்டுப்பெட்டியும் கேபின் விளக்கும் பல வண்டிகளில் இந்த வேலையைச் செய்கின்றன.

இதற்கு அடுத்தபடியாக நான் வைப்பது, பலர் ஒரு பொருட்டாகவே எண்ணாத கேபிள்கள். டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் முந்நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அந்த ஓட்டத்தில் ஒரு துளி துரு கூட அரை வோல்ட்டைத் தின்றுவிடும். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் தூணில் வையுங்கள்; கிளாம்பில் அல்ல, நடுவில் இருக்கும் ஈயத் தூணில். இன்னொரு முள்ளை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. அதே போல் பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை பாருங்கள்; அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. தடை இருந்தால் கேபிளின் முனையில் உறையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள். செம்புக் கம்பி செம்பு நிறத்தில் இருக்காது. பச்சை பூத்து, விரலால் நசுக்கினால் தூளாக உதிரும். பாடி வேலையும் பெயின்ட்டும் முடிந்து வந்த வண்டிகளில் இன்னொரு கூத்து உண்டு. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையை அழகாகப் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். வண்டி பளபளவென்று இருக்கும், செல்ஃப் எடுக்காது.

கேபிள் சரியாக இருந்து, பேட்டரியும் சரியாக இருந்து, சுற்றல் மட்டும் மந்தமாக இருந்தால் செல்ஃப் மோட்டார்தான். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதைவிட அடிக்கடி, இரு முனையிலும் உள்ள புஷ் (தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் சாய்ந்து உரசும். வண்டி சூடாக இருக்கும்போது செல்ஃப் இன்னும் மோசமாகச் சுற்றினால் புஷ் மேல் சந்தேகம் கூடும். இங்கே இரண்டு வழி இருக்கிறது: பழைய மோட்டாரையே பிரித்துப் பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் (எஞ்சினோடு இணையும் பல்சக்கரம்) மாற்றுவது, அல்லது கடையில் தொங்கும் விலை குறைந்த புது மோட்டாரை வாங்குவது. பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் வெந்து போகாத வரை பழையதைச் சரிசெய்வதே நல்லது என்பது என் எண்ணம். அந்தக் காலத்து மோட்டாரின் செம்புச் சுற்று இன்றைய மலிவு மோட்டாரில் இருக்காது. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் கியர் ரிடக்ஷன் மோட்டார் நல்ல தயாரிப்பில் கிடைத்தால் மட்டும் மனம் மாறலாம். அது குறைந்த மின்சாரத்தில் அழுத்தமாகச் சுற்றும், குளிருக்கு நல்லது.

இனி, நன்றாகச் சுற்றியும் புகையில்லாமல் நிற்கும் வண்டிக்கு வருவோம். மலையில் நிற்கும் பழைய பிக்கப்களில் இதுதான் சாதாரணமாக நடப்பது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ராத்திரியில் டீசல் லைனில் எங்கோ காற்று புகுந்து, பம்ப் வரை நின்றிருக்க வேண்டிய டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் சுற்றிச் சுற்றி அந்த வெற்று லைனை நிரப்புவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். பார்ப்பவர் பேட்டரியைக் குற்றம் சொல்வார். அதில் அரை உண்மை இருக்கிறது; பேட்டரி இறங்கியது காரணமல்ல, விளைவு.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விடிகாலையில் சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திறந்து கை பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்னப் பம்ப்) அழுத்துங்கள். நல்ல லைன் என்றால் இரண்டு மூன்று அழுத்திலேயே கைக்கு இறுக்கம் தெரியும். காற்று இருந்தால் முதலில் மெத்தென்று உள்ளே போகும், அழுத்த அழுத்தத்தான் கனக்கும். நன்றாக இறுகும் வரை அழுத்திவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தட்டில் பிடித்துவிட்டால் தீர்ப்பு வந்துவிட்டது: பேட்டரி, செல்ஃப், பம்ப், எஞ்சின் நான்கும் நிரபராதிகள். இரண்டு மூன்று காலை இப்படிச் செய்து பார்த்து ஒரே பதில் வந்தால், பம்ப் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே காற்று புகுகிறது என்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்ப்) வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். வண்டி ஓடும்போது அங்கே டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியில் ஈரம் தெரியவில்லை என்பதை வைத்து "லீக் இல்லை" என்று சொல்ல முடியாது. முதல் சந்தேகம் ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் வரும் பான்ஜோ போல்ட்டுகளின் (நடுவில் துளையுள்ள இணைப்பு போல்ட்) செப்பு வாஷர்கள். ஒவ்வொரு ஃபில்டர் மாற்றலிலும் அவற்றைக் கழற்றி அதையே திரும்பப் போடுவார்கள்; நசுங்கிய செம்பு கெட்டியாகி, இறுக்கினாலும் முழுசாக அடைக்காது. சில பழைய மெக்கானிக்குகள் வாஷரைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு மறுபடி மென்மையாக்கிப் போடுவார்கள். அது சரியான வேலைதான். ஆனால் புது வாஷர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது மெனக்கெட வேண்டியதில்லை. அடுத்தது டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ் முனைகள். கிளிப் இருக்கும், உள்ளே ரப்பர் வெடித்திருக்கும். பிறகு ஃபில்டர் கிண்ணத்தின் கேஸ்கெட், பிரைமரின் தண்டு, ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வு. கடைசியாகச் சொன்ன வால்வில் ஒரு சின்னத் தூசி ஒட்டினாலே டீசல் திரும்பி இறங்கிவிடும்.

சந்தேகத்தைச் சுருக்க ஒரு நல்ல வழி உண்டு. ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, அதை எஞ்சினைவிட உயரத்தில் பத்திரமாகக் கட்டி, தனி ஹோஸ் மூலம் ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஒரு இரவு அப்படியே நிற்கட்டும். காலையில் சட்டென்று பிடித்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். அப்போதும் பிடிக்காவிட்டால் ஃபீட் பம்பிலிருந்து எஞ்சின் பக்கம். ஃபீட் பம்பை அடுத்து ஒரு சாண் நீளத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். இந்த இரண்டு சோதனைக்கும் ஆகும் செலவு, பம்ப் கடையில் பம்பைப் பெஞ்சில் ஏற்றுவதற்குக் கேட்கும் கூலியில் சின்னப் பங்கு. கேனை வைத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஸ்டாப் கேபிளையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினை அணைக்க இழுக்கும் கேபிள் துருப்பிடித்து முழுக்கத் திரும்பாமல் பாதியில் நின்றால், பம்ப் டீசலை அடைத்தே வைத்திருக்கும். பம்பில் இருக்கும் லீவரை விரலால் தள்ளிப் பார்த்தால் தெரியும். செலவு நாலு சொட்டு எண்ணெய்.

ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் பல வண்டிகளில் அது கிடையாது. பெஜோ எஞ்சின் பொருத்திய பழைய மஹிந்திரா வண்டிகளைப் போல, முன்னறை (டீசல் முதலில் பற்றும் சின்ன அறை) வைத்த எஞ்சின்களுக்கு அது உயிர். அது இல்லாமல் குளிரில் பிடிக்காது. நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் பலவற்றில் அது இல்லை. இருந்தால், ஒவ்வொன்றின் இணைப்பையும் கழற்றி ஓம் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டினால் உயிருண்டு. மீட்டர் அசையவே இல்லை என்றால் போய்விட்டது. நான்கும் ஒரே நேரத்தில் போயிருந்தால் பிளக்கைவிட ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றும்போது மட்டும் எஞ்சின் சூடாக இருக்கட்டும், முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். பிளக் ஹெட்டுக்குள் ஒடிந்தால் சில்லறை வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

வெள்ளைப் புகையோடு சுற்றும் வண்டிக்குத்தான் நாசிலும் பம்பும் பேச்சுக்கு வரும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது கடைக்காரருக்கு வசதி, வண்டிக்காரருக்கு நஷ்டம். நாசில் தனி வேலை. கழற்றி டெஸ்டரில் வைத்து, திறக்கும் அழுத்தமும் தூவலும் பார்ப்பார்கள். நல்ல நாசில் பனிபோல் தூவி, சட்டென்று நிறுத்தும், கெட்டது சொட்டும். சொட்டும் டீசல் குளிர்ந்த சிலிண்டரில் எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகும். நாசில் மாற்றும் செலவு சில ஆயிரங்களில் முடியும், மைலேஜும் கொஞ்சம் தேறும். ஆகவே வெள்ளைப் புகை வண்டிக்கு நாசில் சோதனை நியாயமான முதல் செலவு.

பம்ப் அப்படியல்ல. பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரோ ரோட்டரோ தேய்ந்தால், அதன் அடையாளம் பெரும்பாலும் எஞ்சின் சூடான பிறகுதான் தெரியும்: குளிரில் பிடிக்கும், மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்துவிடுகிறது. தேய்ந்த இடைவெளி வழியாகத் தப்பிவிடுகிறது. அப்படிச் சூட்டில் மட்டும் தகராறு செய்யும் ரோட்டரி பம்பின் தலையில் நனைத்த துணியைப் போட்டு ஆறவிட்டு அடித்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பம்புக்குச் செலவு வந்துவிட்டது என்று பொருள். சிலர் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றுவார்கள். கொதிக்கும் இரும்பில் அது வேண்டாம். காலைக் குளிரில் மட்டும் மறுக்கும் வண்டியின் பம்பைக் கழற்றுவது, டைமிங் தள்ளிப் போயிருக்கிறது என்று வேறு ஆதாரம் இருந்தாலொழிய, வீண் செலவு. கழற்றினால் கேலிபரேஷனோடு (டீசல் அளவை மறுபடி அமைத்து) திரும்பி வரும். "வண்டி நன்றாக இழுக்கட்டும்" என்று டீசலைக் கூட்டிவைத்து அனுப்பும் கடைகள் உண்டு. அந்த வண்டி புகை சோதனையில் தவறிப் போகும். பி.எஸ்.4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு எல்லை 65 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு); கூட்டிவைத்த பம்ப் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

கடைசியாக எஞ்சின். ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது என்பது ஒரு குறிப்பு மட்டுமே. பழைய டீசல் எல்லாம் கொஞ்சம் ஊதும். எஞ்சினை இறக்கும் பேச்சுக்கு முன்னால் டேப்பட் கிளியரன்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வும் சீட்டும் தேயத் தேய இடைவெளி குறைந்து, வால்வு முழுசாக மூடாமல் போகும். கம்ப்ரஷன் அந்தச் சந்து வழியே போய்விடும். ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரமும் இருந்தால் சரிசெய்யக் கூடிய இந்தக் கோளாறுக்கு, ரிங் தேய்மானத்தின் அடையாளங்கள் பலவும் உண்டு. எத்தனையோ எஞ்சின்கள் இந்த ஒரு சோதனை செய்யாமலே இறக்கப்பட்டிருக்கும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடும்போது உயரத்தை மறந்துவிடக் கூடாது. சமவெளிக்குச் சொன்ன எண் ஊட்டியில் நல்ல எஞ்சினுக்கும் கிடைக்காது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கொஞ்சம் குறைந்திருந்தால், இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். நான்கும் படுத்திருந்தால்தான் லைனர், பிஸ்டன் என்ற பெரிய பட்டியல்.

இதற்கெல்லாம் பணமோ நேரமோ இல்லாதவர்கள் எடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் வைத்து அடிப்பது. பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கிறது. சுத்தியலால் அடித்தது போன்ற அந்தச் சத்தம் ரிங்கும் பிஸ்டனும் வாங்கும் அடி. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இன்னும் ஆபத்து, தீ முகத்துக்கே வரலாம். பழகிய வண்டி பிறகு பெட்ரோல் இல்லாமல் பிடிக்காது என்று சொல்வது வெறும் கேலி அல்ல, ரிங் உடைந்ததன் அறிகுறி. இந்த வழியை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன்.

இரண்டாவது, சரிவில் நிறுத்தி, உருளவிட்டு இரண்டாவது கியரில் பிடிக்க வைப்பது. எஞ்சினுக்குப் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் ஓட்டுபவருக்கு. இந்த வண்டிகளில் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைப் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப்தான் தருகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் அது இறங்கிப் போயிருக்கும். எஞ்சின் பிடிப்பதற்கு முன் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல் இருக்கும். லோடு ஏற்றிய பிக்கப்பை மலைச் சரிவில் அந்த நிலையில் உருளவிடுவதற்கு, மண்டிக்குப் பிந்திப் போவது எவ்வளவோ மேல். லோடு இல்லாத வண்டி, நீளமான மெல்லிய சரிவு, முன்னால் ஆளில்லாத பாதை என்றால் ஒரு வாரம் சமாளிக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

காமன் ரெயில் வண்டிகளைப் பற்றி: இவற்றில் ரெயில் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. ஆகவே இன்ஜெக்டர் ஒன்று திரும்பும் பாதையில் அதிகம் கசிந்தாலே வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பும் குழாய்களில் நான்கு சிறு பாட்டில்களைக் கட்டி, எது சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்ப்பது இதற்குரிய சோதனை. கிராங்க் சென்சார் கோளாறுக்கு ஸ்கேனர் வேண்டும். அடைபட்ட ஃபில்டர், காற்று புகுந்த லைன், மெலிந்த பேட்டரி மூன்றும் இங்கேயும் அப்படியே பொருந்தும். ஓடும்போது இந்த வண்டியின் உயர் அழுத்தக் குழாய்களை யாரும் தளர்த்தக் கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

எல்லாம் பார்த்து, கம்ப்ரஷன் நான்கிலும் விழுந்திருக்கிறது என்று உறுதியானவருக்கு மிஞ்சும் கேள்வி: எஞ்சின் வேலையா, விற்பனையா? எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், பதினைந்தைத் தாண்டினால் கட்டணமும் கெடுபிடியும் கூடும். என் கணக்கு சேசிஸையும் கேபினையும் பார்த்துத்தான் தொடங்கும். அடுத்த எஃப்.சி.க்குக் கேபின் தரை முழுக்கத் தகரம் வைத்து வெல்டு அடிக்க வேண்டும் என்றால் அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை செய்யக் கூடாது. சேசிஸ் உறுதியாக இருந்து, கியர் பாக்ஸும் ஆக்சிலும் சத்தமில்லாமல் இருந்தால், எஞ்சின் வேலைச் செலவு வண்டியின் சந்தை விலையில் பாதிக்குள் நிற்கும் வரை செய்துகொள்ளலாம். தெரிந்த வண்டி, தெரியாத வேறொரு பழைய வண்டியைவிட மேல். விற்பதுதான் என்று முடிவானாலும் வாஷர், கேபிள், டேப்பட் மூன்றையும் முடித்துவிட்டு விற்கவும். வாங்க வருபவர் விவரம் தெரிந்தவர் என்றால் முதலில் பானெட்டில் கைவைத்துச் சூடு பார்ப்பார், பிறகுதான் சாவியைக் கேட்பார். ஆறிய எஞ்சின் ஒரு தட்டில் பிடித்தால் கிடைக்கும் கூடுதல் விலை அந்தச் சில்லறை வேலைகளின் செலவைப்போல் பல மடங்கு.